நாலு வருட ஆட்டமும் நாலரை நொடி ஓட்டமும்

நீங்கள் கேட்டது இதுதான்: ஒரு வீரர் கல்லூரி அணியில் மூன்று, நான்கு வருடம் ஆடியதை முழுக்க வீடியோவில் பார்த்து முடித்த என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்) அணிகள், அதற்குப் பிறகும் அவரை அரைக்கால் சட்டையோடு 40 யார்டு ஓடவிட்டு, பெஞ்ச் பிரஸ் தூக்கவைத்து, அந்த எண்களைப் பார்த்து மனம் மாறுவது ஏன்? ஆட்டமா, சோதனையா, எதை நம்புவது? அலுவலக நண்பர்களோடு நடத்தும் டிராஃப்ட் (அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது) கணிப்புப் போட்டியில், எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் வேகமானவர்களாகப் பொறுக்கி எடுத்து இரண்டு வருடம் தோற்றதையும் எழுதியிருந்தீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கல்லூரி ஆட்டம், உடல் சோதனை இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வது என்பது ஒன்று. அதற்குப் பதில் சுலபம்: ஆட்டத்தை. ஆட்டத்தைப் பார்த்து முடித்தவருக்குச் சோதனை புதிதாக ஏதாவது சொல்லுமா என்பது மற்றொன்று. அணிகள் உண்மையில் எதிர்கொள்வது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். உங்களைத் தோற்கடித்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் அணி எதிலும் வீரர்களைப் பார்த்து மதிப்பிடும் ஸ்கவுட்டாக இருந்தவன் இல்லை. என் வேலை ஆள்தேர்வுச் சோதனைகள். ஒரு நிறுவனம் வேலைக்கு ஆள் எடுக்க வைக்கும் தேர்வு, பின்னால் அந்த ஆள் வேலை செய்யும் விதத்தோடு ஒத்துப்போகிறதா என்று கணக்குப் பார்ப்பது. பல வருடங்களாக ஒஹாயோவில் கொலம்பஸில் இருக்கிறேன். இந்த ஊரில் இருந்துகொண்டு கல்லூரி ஃபுட்பாலை ஒதுக்கிவிட்டு வாழ முடியாது. அதனால் பிழைப்பும் பைத்தியமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. வீரர்களின் மருத்துவ அறிக்கைகளும் நேர்காணல்களும் வெளியாட்களுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே கீழே சொல்வதெல்லாம் வெளியே தெரியும் பாதியை வைத்துச் சொல்வதே.

முதலில் கம்பைன் என்ற இந்தச் சோதனை முகாமைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். 1982-ல் டாம்பாவில் தொடங்கி 1987-லிருந்து இண்டியானாபோலிஸில் நடக்கும் இந்த முகாமின் மூல நோக்கம் ஓட்டப்பந்தயம் அல்ல, மருத்துவப் பரிசோதனை. ஒவ்வொரு அணியும் தனித்தனியாக வீரர்களை வரவழைத்து முழங்காலைத் திருகிப் பார்ப்பதற்குப் பதில், முந்நூறு சொச்சம் பேரை ஒரே இடத்தில் எல்லா அணி மருத்துவர்களும் பார்த்துவிடலாம் என்ற சிக்கனம். டெக்சாஸ் டெக் ரிசீவர் மைக்கேல் கிராப்ட்ரீயின் பாத எலும்பில் விரிசல் இருப்பது 2009-ல் அங்கே நடந்த பரிசோதனையில்தான் தெரியவந்தது. 40 யார்டு ஓட்டம், 225 பவுண்டு பெஞ்ச் பிரஸ், நின்ற இடத்திலிருந்து உயரமாகவும் நீளமாகவும் தாண்டுவது, மூன்று கோன்களைச் சுற்றி ஓடுவது, 20 யார்டு ஷட்டில் எல்லாம் இதன்மேல் கட்டிய மாடி. தொலைக்காட்சி வந்ததும் மாடிதான் வீடாகிப்போனது. பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களான வீரர்களை வரிசையில் நிறுத்திக் கை நீளம், உள்ளங்கை அகலம் அளப்பதை மாட்டுச் சந்தை என்று அமெரிக்காவிலேயே பலர் திட்டுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சந்தையில்கூட பல்லையும் சுழியையும் மட்டும் பார்த்துப் பணம் எண்ணிக் கொடுக்கிறவர் யார்? ஏரில் பூட்டி நாலு சால் ஓட்டிப் பார்க்காமல் விவரமானவர் வாங்கமாட்டார்.

எங்கள் துறையில் ஏறக்குறைய எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. நாளைய வேலையை ஒருவர் எப்படிச் செய்வார் என்று அறிய, அதே மாதிரி வேலையை நேற்று எப்படிச் செய்தார் என்று பார்ப்பது, அந்த வேலைக்குத் தேவை என்று நாம் நினைக்கும் திறமையைத் தனியே பிரித்து அளப்பதைவிடப் பெரும்பாலும் நல்ல வழி. ஃபுட்பாலிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். குஸ்மிட்ஸ், ஆடம்ஸ் இருவரும் 2008-ல் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ரிசீவர் ஆகிய மூன்று ஆட்ட இடங்களை எடுத்துக்கொண்டு கம்பைன் எண்களைத் தொழில்முறை ஆட்டத்தோடு ஒப்பிட்டார்கள். சீரான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. ரன்னிங் பேக்குகளின் ஓட்ட நேரம் மட்டும் விதிவிலக்கு. 2011-ல் லயன்ஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்வியையே நேராகக் கேட்டது. உடல் சோதனையைவிடக் கல்லூரி ஆட்டமே பின்னாளைய ஆட்டத்தோடு வலுவாக ஒத்துப்போகிறது என்பது அதன் முடிவு. இதுவரை எனக்குப் பெரிய சந்தேகம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் பலர் ஒரு தவறான அடி எடுத்துவைக்கிறார்கள். தொடர்பு குறைவு என்றால் சோதனை வீண் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆள்தேர்வு வேலையில் இருப்பவர்கள் முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம், இப்படி அவசரப்படக் கூடாது என்பது. பிளஸ் டூவில் 1200-க்கு மார்க் போட்ட காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த எல்லோரும் 1170-க்கும் 1195-க்கும் நடுவில் வாங்கியவர்கள் என்று வையுங்கள். அவர்களுக்குள் யார் நல்ல டாக்டர் ஆனார்கள் என்று பார்த்தால், 1190 வாங்கியவருக்கும் 1175 வாங்கியவருக்கும் வித்தியாசமே தெரியாது. அதை வைத்து, 700 மார்க் வாங்கியவரும் அதே படிப்பை அதே மாதிரி முடித்திருப்பார் என்று சொல்லிவிட முடியுமா? அந்த 700 மார்க்காரர் உங்கள் கணக்குக்குள் வரவே இல்லை. கம்பைனுக்கு அழைக்கப்படுபவர்களும் அப்படி ஏற்கெனவே சலித்து எடுத்தவர்கள். கல்லூரியில் ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்குகளில் மெதுவாக ஓடுபவர்கள் பெரும்பாலும் இண்டியானாபோலிஸ் வரை வந்து சேர்வதில்லை. வந்தவர்களுக்குள் நேர வித்தியாசம் ஒரு நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு. இவ்வளவு ஒடுங்கிய இடைவெளியில் தொடர்பு சிறிதாகத் தெரிவது கணிதத்தின் குணம், வேகத்தின் குற்றம் அல்ல.

இதைவிட நுட்பமான வேறொரு பிசகும் உண்டு. 2003-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் ரிசீவர் அன்குவான் போல்டின் 4.7 நொடியை ஒட்டி ஓடினார். ரிசீவருக்கு அது மெதுவான நேரம். 54-ஆவது ஆளாகத்தான் அரிசோனா அவரை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே 217 யார்டு, முதல் சீசனில் 101 கேட்ச். 'பார், 40 யார்டு ஓட்டம் சுத்தப் பொய்' என்று சொல்ல இவரை எல்லோரும் இழுப்பார்கள். ஆனால் 4.7 ஓடியும் இரண்டாம் சுற்றில் ஒருவரை எடுக்கிறார்கள் என்றால், அவருடைய ஆட்டம் அந்த எண்ணையும் மீறி அவ்வளவு பிரமாதமாக இருந்தது என்று அர்த்தம். 4.7 ஓடி, ஆட்டமும் சுமாராக இருந்தவர்களின் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம் பார்வைக்கு வருகிற மெதுவான வீரர்கள் எல்லாம் பொறுக்கி எடுத்த அபூர்வங்கள். வேகமானவர்களிலோ சுமாரானவர்களும் கலந்து உள்ளே வந்துவிடுகிறார்கள். இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மெதுவானவர்கள் ஜெயிப்பதுபோலத் தெரிவது இயல்புதான்.

உங்கள் தோல்விக்கும் இதில்தான் விளக்கம் இருக்கிறது. வேகமானவர்களை எல்லா அணியும் ஏற்கெனவே விலை ஏற்றிவிடுகின்றன. நீங்களும் அதே எண்ணைப் பார்த்து எடுத்தால் அதிக விலைக்கு வாங்கியவராகிவிடுகிறீர்கள். 2017 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஸ் 4.22 ஓடினார். அன்றைக்கு அது கம்பைன் சாதனை. 2024-ல் சேவியர் வொர்தி 4.21 ஓடும் வரை அது நிலைத்தது. சின்சினாட்டி அவரை 9-ஆவது ஆளாக எடுத்தது. ராஸ் ஆடிய அதே வாஷிங்டன் மாநிலத்தில், கீழ்த்தட்டுப் பிரிவில் ஆடும் ஈஸ்டர்ன் வாஷிங்டனிலிருந்து வந்த கூப்பர் கப் 4.62 ஓடினார். 69-ஆவது ஆள். கல்லூரியில் 428 கேட்ச், 73 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எடுத்திருந்தவர். 2021 சீசனில் கேட்ச், யார்டு, டச்டவுன் மூன்றிலும் லீக்கின் முதலிடம் பிடித்து, லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில் ஆட்டநாயகனும் ஆனார். ராஸ் தன் என்எஃப்எல் வாழ்க்கை முழுவதும் சேர்த்து ஆயிரம் யார்டைத் தொடவில்லை. ஆனால் ராஸ் வெறும் ஓட்டக்காரர் என்று எழுதினால் அது அநியாயம். கடைசிக் கல்லூரி சீசனில் 17 டச்டவுன் பிடித்தவர் அவர். அவரைச் சாய்த்ததில் காயங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய 40 யார்டு நேரம் பொய் சொல்லவில்லை. 9-ஆவது இடம் என்ற விலையை மட்டும் அது ஏற்றிவிட்டது என்பது என் ஊகம்.

சரி, கல்லூரி ஆட்டத்தை நம்பலாம் என்றேன். எந்த ஆட்டத்தை என்று கேட்க வேண்டும். புள்ளிவிவரப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் ஆட்டம் இல்லை. ஹவாய் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் டிம்மி சாங் 2004 வரை ஆடி 17,072 யார்டு எறிந்தார். அன்றைய கல்லூரிச் சாதனை அது. எந்த அணியும் அவரை டிராஃப்டில் எடுக்கவில்லை. அங்கே ஆடிய பாணியே ஓயாமல் எறிவது. அதில் யார் நின்றாலும் யார்டு குவியும். கிராப்ட்ரீயின் கதையும் இதே சிக்கலில் தொடங்குகிறது. 2007-ல் 134 கேட்ச், 22 டச்டவுன். ஆனால் பயிற்சியாளர் மைக் லீச்சின் டெக்சாஸ் டெக்கில் பந்து மழையாகப் பொழியும். இவ்வளவும் அவருடைய திறமையா, அந்தப் பாணியின் கொடையா என்று சந்தேகப்பட இடம் இருந்தது. காயத்தால் அவர் 40 ஓடவும் இல்லை. வேகத்தின் மேல் தீராக் காதல் கொண்ட ஓக்லண்ட், 4.30 ஓடிய மேரிலாண்டின் டேரியஸ் ஹேவர்ட்-பேயை 7-ஆவது ஆளாக எடுத்தது. கிராப்ட்ரீ 10-ஆவது ஆளாக சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். பின்னாளில் கிராப்ட்ரீ இரண்டு சீசன்களில் ஆயிரம் யார்டு தாண்டினார். ஹேவர்ட்-பேயின் சிறந்த சீசன் 975. பாணியின் கொடையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கிராப்ட்ரீயிடம் மிச்சம் நிறைய இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எண்ணிக்கை போதாது. அணியின் மொத்த யார்டில் அவருடைய பங்கு எவ்வளவு, எந்த வயதில் அதைச் செய்தார், எதிரில் நின்ற கார்னர் யார், பந்து காற்றில் இருக்கும்போது உடம்பை எப்படித் திருப்புகிறார் என்று பார்த்தாக வேண்டும். பத்தொன்பது வயதில் அணியின் முதன்மை ரிசீவர் ஆனவரும், இருபத்து நாலு வயதில் பதினெட்டு வயதுப் பையன்களை ஏமாற்றி ஓடுபவரும் அட்டவணையில் ஒரே மாதிரி தெரிவார்கள்.

எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதைப் பொறுத்தும் சோதனையின் எடை மாறும். எனக்கு இதில் ஒரு தனிப்பட்ட வடு உண்டு. 2007-ல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வெர்னன் கோல்ஸ்டன் ஆடியதை எங்கள் ஊர் மைதானத்திலேயே பார்த்தேன். அந்த சீசனில் 14 சாக் (எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), அன்றைய பல்கலைக்கழகச் சாதனை. கம்பைனில் 225 பவுண்டை 37 தடவை தூக்கினார். ஆட்டமும் இருக்கிறது, உடம்பும் இருக்கிறது, இனி என்ன வேண்டும் என்று வேலை செய்யும் இடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். நியூயார்க் ஜெட்ஸ் 6-ஆவது ஆளாக எடுத்தது. மூன்று சீசனில் அவர் எடுத்த சாக் பூஜ்யம். பிறகு பழைய ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தபோதுதான் என் தவறு புரிந்தது. நான் சாக்கை எண்ணியிருந்தேன், சாக் எப்படி வந்தது என்று பார்க்கவில்லை. எதிரில் நின்று தடுக்கும் டாக்கிளின் கையைத் தட்டிவிட்டு, தோளைத் தாழ்த்தி வளைந்து போகும் வித்தையா, அல்லது வெறும் பலமும் வேகமுமா? கல்லூரியில் இரண்டாவதே போதும். மேலே போனால் எதிரில் நிற்பவருக்கும் அதே பலம் இருக்கும். ஆக, ஆட்டமும் சோதனையும் ஒன்றையே இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருந்தன. நான் அதை இரண்டு சாட்சியாக எண்ணிவிட்டேன்.

அதற்காக, கோல்ஸ்டனைப் போல ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ரஷருக்கு உடம்பு முக்கியமில்லை என்று நினைக்கவேண்டாம். இந்த இடத்தில்தான் சோதனை எண்கள் கொஞ்சம் உருப்படியாகப் பேசுகின்றன என்பது என் கணிப்பு. விஸ்கான்சினின் ஜே.ஜே. வாட் 290 பவுண்டு எடையோடு நின்ற இடத்திலிருந்து 37 அங்குலம் எம்பினார். டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் மைல்ஸ் காரெட் 272 பவுண்டோடு 41 அங்குலம். 2017-ல் காரெட் முதல் ஆளாகப் போனார். வாட் மூன்று தடவை லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். அவ்வளவு எடையை அவ்வளவு வேகமாக நகர்த்தும் உடம்பு உலகத்தில் சிலருக்குத்தான் அமைகிறது. எதிர் உதாரணமும் கையிலேயே இருக்கிறது. அரிசோனா ஸ்டேட்டின் டெரெல் சக்ஸ் 2002 சீசனில் 24 சாக் எடுத்துக் கல்லூரிச் சாதனை படைத்தார். 40 யார்டை 4.8 நொடிக்கு மேல் ஓடினார் என்று பேச்சு எழுந்து, 10-ஆவது இடத்துக்கு இறங்கினார். பால்டிமோர் வாங்கிப் போட்டது. 139 சாக்கோடு அவர் ஓய்வு பெற்றார். 24 சாக்கை நம்புவதா, 4.8-ஐ நம்புவதா என்று கேட்டால், சாக் எடுப்பவர் எத்தனை தடவை 40 யார்டு நேராக ஓடுகிறார் என்று நான் திருப்பிக் கேட்பேன். அவருக்குத் தேவை முதல் மூன்று அடி.

ரன்னிங் பேக்குக்கு ஓட்ட நேரம் ஓரளவு பேசுகிறது என்று ஆய்விலேயே பார்த்தோம். எடையையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. டெரிக் ஹென்ரியின் 4.54 தனியாகச் சாதாரணம், 247 பவுண்டு உடம்புக்கு அது மிரட்டல்.

ஓடுபவர்களுக்கு வழி திறந்துவிடும் முன்வரிசைக்காரர்களைப் பற்றிப் பேசினால் 2018-ல் ஒக்லஹோமாவின் ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர் நினைவுக்கு வராமல் போகாது. 40 யார்டு 5.85 நொடி, பெஞ்ச் பிரஸ் 14, எம்பியது இருபது அங்குலத்துக்கும் குறைவு. அந்த வருடக் கம்பைனின் கேலிப்பொருள் ஆகிவிட்டார். ஆல்-அமெரிக்கன் (நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியல்) டாக்கிள், முதல் சுற்றுக்கு எதிர்பார்க்கப்பட்டவர், மூன்றாம் சுற்றில் 83-ஆவது இடத்துக்கு விழுந்தார். அந்த இறக்கத்தின் விலை பல மில்லியன் டாலர். பிறகு நான்கு தடவை புரோ பவுல் (லீக்கின் நட்சத்திர ஆட்டம்), கான்சாஸ் சிட்டியோடு ஒரு சூப்பர் பவுல். ஆறடி எட்டங்குல உயரமும் நீண்ட கைகளும் உள்ளவரைச் சுற்றி ஓடுவதற்கே எதிராளிக்குப் பாதி நேரம் போய்விடும். அந்த நீளம் எந்த ஓட்டத்திலும் தெரியாது, ஆட்டத்தில் தெரியும். வேடிக்கை என்னவென்றால், கை நீளமும் கம்பைனில் அளப்பதுதான். சோதனையிலேயே பதில் இருந்தது, ஆனால் எல்லோருடைய கண்ணும் கடிகாரத்தின் மேல்.

குவார்ட்டர்பேக் விஷயத்தில் உடல் எண்களைக் கிட்டத்தட்டத் தூக்கிப் போட்டுவிடலாம். டாம் பிரேடி 5.28 ஓடியதையும் 199-ஆவது ஆளாகப் போனதையும் எல்லோரும் சொல்வார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. 2000 ஜனவரி 1 அன்று ஆரஞ்ச் பவுலில் அலபாமாவுக்கு எதிராக, பின்தங்கிய நிலையிலிருந்து 369 யார்டு, நான்கு டச்டவுன் எறிந்து, கூடுதல் நேரத்தில் 35-34 என்று மிச்சிகனை ஜெயிக்கவைத்தார். சாட்சி ஆட்டத்தில் இருந்தது. மிச்சிகன் எங்கள் பரம எதிரி. ஒஹாயோக்காரனான எனக்கு இதைச் சொல்ல நாக்கு கூசவேண்டும், ஆனாலும் உண்மை. ஜோ பர்ரோவின் உள்ளங்கை 9 அங்குலம்தான் என்று 2020-ல் ஒரு வாரம் ஒப்பாரி வைத்தார்கள். அதற்கு முந்தைய சீசனில் அதே கையால் 60 டச்டவுன் எறிந்திருந்தார். அறிவுச் சோதனைகளும் இப்படித்தான். 12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்கும் வொண்டர்லிக்கை 2022-ல் கம்பைனிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த வருடமே வேறொரு கணினிச் சோதனையில் எங்கள் ஊர் சி.ஜே. ஸ்ட்ரவுட் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்ததாகச் செய்தி கசிந்தது. சில மாதம் முன்புதான் ஜார்ஜியாவின் பயங்கரமான தடுப்பாட்டத்தை எதிர்த்து நான்கு டச்டவுன் எறிந்தவர் அவர். ஹூஸ்டன் இரண்டாவது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் 23 டச்டவுன், ஐந்தே இடைமறிப்பு. பொது அறிவுத்திறன் தேர்வுகள் அலுவலக வேலைகளுக்குப் பயன்படுகின்றன என்று வாதாடிச் சம்பளம் வாங்குகிறவன் நான். என் தொழிலுக்கே எதிராகச் சொல்கிறேன், இந்த வேலைக்கு அவை சரிவரவில்லை.

ஆனால் ஜோஷ் ஆலன் என்று ஒருவர் இருக்கிறார். வயோமிங்கில் கடைசி சீசனில் அவர் எறிந்ததில் 56 சதவீதம்தான் இலக்கைச் சேர்ந்தது. கல்லூரி ஆட்டத்தை நம்பும் என் போன்றவர்கள் அத்தனை பேரும் அவரைப் படுதோல்வி என்று எழுதிவைத்தோம். பஃபலோ அவருடைய உடம்பையும் தோள் பலத்தையும் பார்த்து 2018-ல் 7-ஆவது ஆளாக எடுத்தது. 2024 சீசனின் எம்விபி (லீக்கின் மிகச் சிறந்த வீரர்) அவர். இதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அவருக்கு வயோமிங்கில் கிடைத்த துணை எப்படி, பஃபலோவில் அவரை எவ்வளவு மாற்றினார்கள் என்று யோசித்தால், கல்லூரி ஆட்டம் என்பது இதுவரை கற்றதைக் காட்டுகிறது, இனிக் கற்கக்கூடியதை அவ்வளவாகக் காட்டுவதில்லை என்று தோன்றுகிறது. இரண்டாவதை நம்பகமாக அளக்கும் கருவி யாரிடமும் இல்லை. உடம்பு அதற்கு ஒரு மேல்வரம்பு போடுகிறது, அவ்வளவே.

சோதனை எண்களின் நம்பகம் வருடா வருடம் கொஞ்சம் தேய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1995-ல் பாஸ்டன் காலேஜின் மைக் மாமுலா கம்பைனில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு, அதே பயிற்சிகளை முன்கூட்டியே செய்து பழகி வந்தார். 4.58 ஓடினார், எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிலடெல்பியா மேலே ஏறி 7-ஆவது ஆளாக எடுத்தது. அதற்காக டாம்பாவுக்குக் கைமாற்றிய 12-ஆவது இடத்தில் டாம்பா எடுத்தவர் வாரன் சாப், பின்னாளைய ஹால் ஆஃப் ஃபேமர். சாப் அவ்வளவு கீழே வந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன. மாமுலாவும் உதவாக்கரை இல்லை, ஐந்து சீசனில் 31.5 சாக் எடுத்தவர். ஆனால் அன்று அவர் ஒருவர் செய்ததை இன்று எல்லோரும் செய்கிறார்கள். கல்லூரி சீசன் முடிந்ததும் வாரக்கணக்காகத் தனிப் பயிற்சி மையத்தில் ஓட்டத்தின் தொடக்க நிலையை மட்டும் தேய்த்துத் தேய்த்துப் பழகுகிறார்கள். வினாத்தாள் முன்பே தெரிந்த பரீட்சை. கல்லூரிகளே நடத்தும் புரோ டே என்ற சோதனை நாளில் கிடைக்கும் நேரங்களை இன்னும் தள்ளுபடி செய்தே பார்க்க வேண்டும். கையில் கடிகாரம் பிடித்தவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்.

அப்படியானால் என் கணக்கில் சோதனைக்கு என்ன வேலை? ஆட்டத்துக்கும் சோதனைக்கும் முரண் வந்தால் மறுபடி ஆட்டத்தைப் போய்ப் பார் என்று சொல்லும் மணி அது. ஆட்டத்தில் பறக்கிறவர் சோதனையில் மெதுவாக ஓடினால், எதிரணியை முன்கூட்டியே படித்து நகர்கிறாரா, அல்லது எதிரணிதான் சோதாவா என்று பார்க்கலாம். சோதனையில் பறக்கிறவர் ஆட்டத்தில் காணாமல் போனால், கற்றுத்தராததால் வந்த குறையா, பந்து வருமிடத்தை ஊகிக்கும் புத்தியே இல்லையா என்று பார்க்கலாம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆரன் டொனால்ட் 2014-ல் வந்தபோது ஆட்டம், சோதனை, சீனியர் பவுல் (கல்லூரிக் கடைசி வருட வீரர்களுக்கான காட்சி ஆட்டம்) பயிற்சி மூன்றும் ஒரே பதிலைச் சொன்னன. முந்தைய சீசனில் 11 சாக், கம்பைனில் 285 பவுண்டோடு 4.68, மொபைல் நகரில் நடந்த அந்தப் பயிற்சியில் எதிரே நின்றவரை எல்லாம் தாண்டிப் போனார். ஆறடி ஓரங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு, உள்வரிசைக்கு உயரம் பத்தாது என்று 13-ஆவது இடம் வரை விட்டுவிட்டார்கள். மூன்று தடவை சிறந்த தடுப்பாட்டக்காரர். எல்லாச் சாட்சியும் ஒத்துப்போகும்போது ஒரே ஒரு அளவுகோலுக்காகத் தயங்குவது, என்னைக் கேட்டால், மெதுவான நேரத்தை மன்னிப்பதைவிடப் பெரிய தப்பு.

இவ்வளவு சொன்ன பிறகும் அடக்கமாக இருக்கவேண்டியதற்கு ஒரு எண் இருக்கிறது. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், ஒரு ஆட்ட இடத்துக்கு (ரிசீவர், குவார்ட்டர்பேக் போல) எடுக்கப்பட்டவர், அதே ஆட்ட இடத்துக்கு அடுத்ததாக எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 52 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போடுவதைவிட ஒரு நூல் மேலே. முழுநேர ஸ்கவுட்டுகளும் மருத்துவ அறிக்கைகளும் வைத்திருக்கும் அணிகளுக்கே இந்த நிலைமை.

உங்கள் அலுவலகப் போட்டிக்கு வருகிறேன். வரும் பிப்ரவரிக் கடைசியில் கம்பைன் தொடங்குவதற்கு முன்பே, ஆட்டங்களை மட்டும் பார்த்து ரிசீவர்களை வரிசைப்படுத்தி ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். எண்கள் வந்த பிறகு அந்த வரிசையில் யாரையும் இரண்டு, மூன்று இடத்துக்கு மேல் நகர்த்தாதீர்கள். நகர்த்தியே ஆகவேண்டும் என்று கை அரித்தால், அந்த வீரரின் ஆட்டங்களில் இன்னும் மூன்றைப் பார்த்துவிட்டு நகர்த்துங்கள். முன்வரிசைக்காரர்கள் ஓடும்போது திரையில் கொட்டை எழுத்தில் வரும் முடிவு நேரத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் சின்னதாகக் காட்டும் முதல் 10 யார்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.